பசுமை வீட்டிலிருந்து வரும் வாயு

"மாமா, பசுமை இல்ல வாயுன்னா நம்ம தெருக்கோடியில இருக்கே பசுமை வீடு, அதுலேருந்து வர்ற வாயுவா?"

கேட்டது அக்கா மகள். பத்தாம் வகுப்பு. போன மாதம் நாலு நாள் விடுப்பில் கீழப்பழுவூர் போயிருந்தேன். சாயங்காலம் திண்ணையில் லேப்டாப்போடு உட்கார்ந்திருந்தவனிடம் ஒரு ஜெராக்ஸ் தாளைக் கொண்டுவந்து நீட்டி இப்படிக் கேட்டாள். சிரித்துவிட்டேன். அவள் முகம் சுண்டிப்போன பிறகுதான் தோன்றியது, இதில் சிரிக்க என்ன இருக்கிறது?

2011ல் முதலமைச்சரின் சூரிய மின்சக்தியுடன் கூடிய பசுமை வீடுகள் திட்டம் என்று ஒன்று வந்தது, ஞாபகம் இருக்கலாம். 300 சதுர அடி வீடு, அதோடு சோலார் விளக்கு. கோப்பில் பெயர் எவ்வளவு நீளமாக இருந்தாலும் ஊருக்குள் அது 'பசுமை வீடு'தான். ரேஷன் கார்டு, நூறு நாள் வேலை மாதிரி தினம் புழங்கும் சொல். இல்லம் என்றால் வீடு என்று தமிழ் வகுப்பில் படித்திருக்கிறாள். ஆகவே பசுமை இல்லம் என்பது பசுமை வீடு. அங்கிருந்து வருவது பசுமை இல்ல வாயு. தனக்குத் தெரிந்த சொல்லை வைத்துத் தெரியாத சொல்லைப் பிரித்துப் பார்த்திருக்கிறாள். கல்வெட்டு வாசிக்கும்போது நான் செய்வதும் அதுதானே. தப்பு அவள் மேல் இல்லை, சொல் மேலேயும் முழுசா இல்லை. அவள் கையில் இருந்த தாள் மேல்தான்.

இந்தப் பக்கத்தில் வழக்கமாகப் பழுவேட்டரையர், ஏரித் தூம்பு, நில அளவுகள் என்று எழுதுவேன். இந்த முறை ஒரு பள்ளிக்கூட வீட்டுப்பாடத் தாளை விமர்சனம் செய்யப் போகிறேன். சின்ன விஷயம் என்று நினைப்பவர்கள் தாராளமாகத் தாண்டிப் போகலாம். ஆனால் இதே அச்சில் வந்த தாள்களை வேறு மாவட்டத்து நண்பர்களின் பிள்ளைகளிடமும் பார்த்துவிட்டேன். எந்தப் பள்ளி என்பது இங்கே தேவையில்லை.

தாளில் தலைப்பு: காலநிலை மாற்றம் - கலைச்சொற்கள். கீழே இருபது ஆங்கிலச் சொற்கள். ஒவ்வொன்றுக்கும் நேரான தமிழ்ச்சொல், ஒரு வரிப் பொருள். அடுத்து 'பொருத்துக'. பிறகு ஏதாவது ஐந்து சொற்களை வாக்கியத்தில் அமைக்க வேண்டும். கடைசியாக ஒரு விழிப்புணர்வு முழக்கம் எழுதிப் படம் ஒட்ட வேண்டும். படம் ஏற்கெனவே வாங்கி வைத்திருந்தாள். கடைசிப் பனிக்கட்டித் துண்டின் மேல் நிற்கும் துருவக்கரடி. ஸ்டேஷனரி கடையில் காலநிலை மாற்றம் என்று கேட்டால் அந்தத் தாளைத்தான் கொடுக்கிறார்களாம். எங்கள் ஊருக்குப் பக்கத்தில் கரைவெட்டி ஏரி இருக்கிறது. 2024 ஜனவரியில் ராம்சார் ஈரநிலப் பட்டியலில் சேர்ந்தது. மத்திய ஆசியப் பக்கமிருந்து இமயமலையைத் தாண்டி வரித்தலை வாத்து அங்கே வந்து இறங்குகிறது. கடைக்காரரிடம் அதன் படம் இல்லை.

எனக்குத் தொழில் மென்பொருள். இந்த மாதிரி ரெண்டு பத்தி அட்டவணைகளோடுதான் நாள் பூரா மல்லுக்கட்டுகிறேன். இடப்பக்கம் ஒரு சாவி, வலப்பக்கம் ஒரு மதிப்பு. சாவியைக் கொடுத்தால் மதிப்பு வந்து விழும், அவ்வளவுதான். அந்த மதிப்பை வைத்து ஒரு காரியம் நடக்கணும் என்றால் அதற்குத் தனியாக நிரல் எழுத வேண்டும். அட்டவணை தானாக எதையும் செய்யாது. இந்த வீட்டுப்பாடம் அப்படி ஓர் அட்டவணை. பிள்ளை அதை நிரப்புகிறாள், ஆசிரியர் டிக் அடிக்கிறார், நிரல் கடைசி வரை எழுதப்படுவதே இல்லை.

சும்மா சோதித்துப் பார்த்தேன். "கார்பன் டை ஆக்சைடு எங்கேருந்து வருது?" டக்கென்று பதில்: "வாகனப் புகை, தொழிற்சாலைப் புகை, காடுகளை அழித்தல்." சரி, நம்ம ஊர்ல எங்கேருந்து வருது? பேசாமல் இருந்தாள். அந்நேரம் ரோட்டில் சுண்ணாம்புக்கல் டிப்பர் ஒன்று தார்ப்பாய் படபடக்கப் போய்க்கொண்டிருந்தது. அதற்கப்புறம் வருகிறேன்.

முதலில் பாடநூல்களைப் பற்றி நியாயமாகச் சொல்லிவிட வேண்டும். 2018லும் 2019லும் வந்த புதிய தமிழ்ப் பாடநூல்களை அவளிடம் வாங்கிப் புரட்டினேன். பொறாமையாக இருந்தது. நாங்கள் படித்த காலத்தில் இப்படி எதுவும் இல்லை. ஒன்பதாம் வகுப்பில் 'நீரின்றி அமையாது உலகு' என்ற பாடத்தில் நீர்நிலைகளுக்கான பெயர்களைப் பொருளோடு கொடுத்திருக்கிறார்கள். ஊருணி, கேணி, கூவல், கண்மாய், உறைகிணறு, இலஞ்சி என்று போகிறது. பத்தாம் வகுப்பில் முதல் உரைநடையே பாவாணரின் 'தமிழ்ச்சொல் வளம்'. நெல்லுக்குத் தாள், கீரைக்குத் தண்டு, சோளத்துக்குத் தட்டை, கரும்புக்குக் கழி, மூங்கிலுக்குக் கழை, வேம்புக்கு அடி. இந்தச் சொற்களை எந்தக் குழுவும் அறையில் உட்கார்ந்து ஆக்கவில்லை. அறுத்தவன், ஒடித்தவன், வெட்டியவன் வைத்த பெயர்கள் இவை. ஒவ்வொன்றும் கையில் வேறு மாதிரி இருக்கும், அரிவாளுக்கு வேறு மாதிரி பதில் சொல்லும். அதனால்தான் வேறு வேறு பெயர்.

அடுத்த இயலே காற்று. கிழக்கிலிருந்து கொண்டல், மேற்கிலிருந்து கோடை, வடக்கிலிருந்து வாடை, தெற்கிலிருந்து தென்றல் என்று பாடத்துக்குள் வருகிறது. அருமை. ஆனால் இயல் முடிவில் 'கலைச்சொல் அறிவோம்' பகுதிக்கு வந்ததும் நடை மாறிவிடுகிறது. ஆங்கிலம் ஒரு பக்கம், தமிழ் ஒரு பக்கம். புயல், சூறாவளி, சுழல்காற்று, பெருங்காற்று என்று பட்டியல். சூறாவளி அங்கே டொர்னேடோவுக்கு நேராக நிற்கிறது.

இந்தச் சூறாவளியைக் கொஞ்சம் துரத்திப் பார்த்தேன். தமிழ்ப் புத்தகத்தில் அது டொர்னேடோ. புவியியல் பாடத்துக்குப் போனால் வெப்பச் சூறாவளி என்று சைக்ளோனுக்கு அதே சொல். இலங்கைத் தமிழிலும் சூறாவளி என்றால் சைக்ளோன்தான். சென்னை வானிலை ஆய்வு மையம் மீனவர்களுக்குக் கொடுக்கும் தமிழ் எச்சரிக்கையைப் பாருங்கள். கடலில் சூறாவளிக்காற்று மணிக்கு 45லிருந்து 55 கிலோமீட்டர் வேகத்தில் வீசலாம் என்கிற மாதிரி வரும். ஆங்கில அறிக்கையில் அதே இடத்தில் 'ஸ்குவாலி' என்று இருக்கும். விட்டு விட்டு அடிக்கும் பலத்த காற்று. வானிலைத் துறைக் கணக்கில் காற்று 62 கிலோமீட்டரைத் தொட்டால்தான் புயல் என்றே பெயர் கிடைக்கும். ஆக ஒரே சொல், மூன்று இடத்தில் மூன்று அளவு. ஒன்று வீட்டுக் கூரையைப் பிய்த்துக்கொண்டு போகும் சுழல். ஒன்று மாவட்டங்களையே மூடும் புயல். இன்னொன்று புயல் என்ற பெயரைக்கூட எட்டாத காற்று. அக்கா மகளுக்கு 'பொருத்துக'வில் இதற்கு முழு மதிப்பெண் கிடைக்கும். நாகப்பட்டினத்தில் ஒரு மீனவர் வீட்டுப் பிள்ளை அப்பாவுக்கு அந்த எச்சரிக்கையைப் படித்துச் சொல்ல வேண்டியிருந்தால்? அந்த வீட்டில் இது கலைச்சொல் விவாதம் இல்லை.

சொல்லாக்கத்தைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. 1916லேயே ராஜாஜியும் வெங்கடசுப்பையரும் சேலத்தில் இதற்கென்றே ஒரு சங்கம் வைத்தார்கள். அன்றிலிருந்து எத்தனையோ பேர் உழைத்துதான் நாமெல்லாம் அறிவியலைத் தமிழில் படித்தோம். ஒரே வாயு கார்பன் டை ஆக்சைடு என்றும், கரியமில வாயு என்றும், இலங்கையில் காபனீரொட்சைட்டு என்றும் இருப்பதில் எனக்கு வருத்தம் இல்லை. உயிருள்ள மொழி அப்படித்தான் இருக்கும். பசுமை இல்லம், பசுங்குடில், பைங்குடில், அந்தப் பக்கம் பச்சை வீடு, எதுவும் சரி. என் சண்டை வேறு. சொல்லைக் கொடுத்துவிட்டு அதோடு பாடம் முடிந்தது என்று நினைக்கிறோமே, அதோடுதான்.

கிரீன்ஹவுஸ் என்ற ஆங்கிலச் சொல்லும் சூடு பற்றாத நாட்டில் பிறந்த உவமைதான். குளிரில் செடி வளர்க்க அவர்களுக்குக் கண்ணாடி வீடு தேவைப்பட்டது. அந்தக் கண்ணாடி வீடும் வளிமண்டலமும் ஒரே காரணத்தால் சூடாவதில்லை என்பது இன்னொரு கதை. கண்ணாடி வீட்டில் சூடான காற்று மேலே ஏறி வெளியேற முடியாததுதான் பெரும்பங்கு. 1909லேயே ஆர்.டபிள்யூ. வுட் என்ற இயற்பியலாளர் ரெண்டு பெட்டி வைத்து இதைச் சோதித்துப் பார்த்தார். வளிமண்டலத்தில் நடப்பது வேறு. தரை வெளிவிடும் வெப்பக் கதிரைச் சில வாயுக்கள் வாங்கிக்கொண்டு ஒரு பங்கைக் கீழேயே திருப்பி அனுப்புகின்றன. மார்கழி ராத்திரி மேகம் போட்டிருந்தால் குளிர் குறைவு, வானம் தெளிந்திருந்தால் உடம்பு நடுங்கும். இது கீழப்பழுவூரில் எல்லாருக்கும் தெரியும். இதைச் சொன்னதும் அக்கா மகள், "அப்ப போர்வை வாயுன்னு சொல்லலாமே" என்றாள். சொல்லலாம். தேர்வில் மட்டும் எழுதிவிடாதே என்றேன்.

தாளின் முதல் சொல்லே கிளைமேட். அதற்கு அவள் எழுதியிருந்தது: காலநிலை - ஒரு இடத்தின் பல ஆண்டு வானிலையின் சராசரி. சரியான விடை. பேப்பரில் பருவநிலை மாற்றம் என்கிறார்கள், 2021ல் பெயர் மாறிய அரசுத் துறை காலநிலை மாற்றம் என்கிறது. அது கிடக்கட்டும். பல ஆண்டு என்றால் எத்தனை ஆண்டு? உலக வானிலை அமைப்பின் வழக்கம் முப்பது ஆண்டு. இவளுக்கு வயசு பதினைந்து. இந்தச் சொல்லின் பாதியைத்தான் இவள் வாழ்ந்திருக்கிறாள். இவளால் இதற்கு விடை எழுத முடியும், சாட்சி சொல்ல முடியாது. சாட்சி சொல்லக்கூடிய ஆள் உள்ளே வெற்றிலை இடித்துக்கொண்டிருந்தார்கள். எங்கள் அம்மா. வயசு எழுபத்திரண்டு. ரெண்டு காலநிலை பார்த்து முடித்தவர்.

"அம்மாயி, நீங்க சின்னப் பிள்ளையில மழைக்கு என்னென்ன பேர் சொல்வீங்க?" என்று கேட்கச் சொன்னேன். தூறல், சாரல், அடைமழை எல்லாம் வந்தது. அப்புறம், "உழவு மழைம்போம்" என்றார்கள். ஓர் உழவுக்குக் காணும் மழை ஒரு உழவு மழை. ஏர் இறங்கும் ஆழத்துக்கு மண் நனைந்திருக்கணும். இது பெயர் மட்டும் இல்லை, அளவும்கூட. மழைமானியில் ஒரு மில்லிமீட்டர் என்றால் சதுர மீட்டருக்கு ஒரு லிட்டர் தண்ணீர் விழுந்தது என்று தெரியும். அதில் எவ்வளவு ஓடியது, எவ்வளவு ஊறியது என்று அது சொல்லாது. உழவு மழை ஊறியதைத்தான் கணக்கில் எடுக்கும். அரை மணி நேரம் கொட்டித் தீர்த்துவிட்டு ஓடிப்போகும் மழை எத்தனை மில்லிமீட்டர் காட்டினாலும் உழவு மழை ஆகாது. பூமி சூடானால் மழை குறைகிற இடங்களும் உண்டு, கூடுகிற இடங்களும் உண்டு. ஆனால் பெய்கிறபோது கொட்டித் தீர்ப்பது கூடும் என்று விஞ்ஞானிகள் சொல்வதைப் புரிந்துகொள்ள இதைவிட நல்ல சொல் எனக்குத் தெரியாது. அது தாளில் இல்லை.

பட்டமும் இல்லை. ஆடிப்பட்டம், புரட்டாசிப்பட்டம், தைப்பட்டம். எங்கள் பக்கம் கரிசலும் செம்மண்ணும் கலந்த மானாவாரி. பருத்தி, சோளம், கடலை எல்லாம் பட்டத்தை நம்பித்தான். பட்டம் என்பது ஒரு எதிர்பார்ப்பு. இன்ன மாதத்தில் விதைத்தால் இன்ன மாதத்தில் மழை கிடைக்கும் என்று பல தலைமுறை பார்த்து வைத்த சராசரி. காலநிலை என்பதற்கு உழவர் வைத்த பெயர் என்றே இதைச் சொல்லலாம். "இப்பல்லாம் பட்டமாவது ஒண்ணாவது, மழை வந்தா விதை, இல்லாட்டிப் போ" என்றார்கள் அம்மா. அக்கா மகள் அதையும் குறித்துக்கொண்டாள். அம்மா சொன்னதை அப்படியே காலநிலை மாற்றத்துக்கு ஆதாரம் என்று எழுதாதே என்றும் சொன்னேன். போர்வெல் வந்தது, மக்காச்சோளம் வந்தது, விதை மாறியது. பட்டம் தளர்ந்ததற்கு இவையும் காரணம். எதற்கு எவ்வளவு பங்கு என்று பிரிக்க மழைக்கணக்கு வேண்டும். ஆனால் அந்தக் கேள்வி பிறக்கவே முதலில் பட்டம் என்ற சொல் வேண்டும்.

இனி அந்த டிப்பர்.

அரியலூர், பெரம்பலூர் மண்ணுக்கடியில் இருப்பது ஒரு பழைய கடல். சுமார் பத்துக் கோடி வருஷத்துக்கு முன்னால் பூமி இப்போது இருப்பதைவிட நல்ல சூடு, கடல்மட்டமும் உயரம். அந்தக் கடல் இங்கே ஏறி இறங்கி விட்டுப்போன சிப்பி, நத்தை, அம்மோனைட், கூடவே படிந்த சுண்ணாம்பு எல்லாம் சேர்ந்துதான் இன்றைக்குச் சிமெண்ட் ஆலைகள் தோண்டும் கல். வாரணவாசியில் புதைபடிவ அருங்காட்சியகம் இருக்கிறது. பள்ளியிலிருந்து கூட்டிப் போயிருக்கிறார்கள். அங்கே போய்வந்த பிள்ளைதான் இந்தத் தாளில் 'புதைபடிவ எரிபொருள்' என்பதற்கு 'அம்மோனைட் போன்றவற்றிலிருந்து கிடைக்கும் எரிபொருள்' என்று எழுதியிருந்தாள். மறுபடியும் அதே கதை, சொல்லைச் சரியாகப் பிரித்துத் தவறான இடத்துக்குப் போயிருக்கிறாள். நிலக்கரி செடிகொடியிலிருந்து வந்தது, நெய்வேலியில் வெட்டுகிறார்களே அது. எங்கள் ஊர்ப் புதைபடிவம் எரியாது. ஆனால் அதைச் சுட்டால் அதற்குள்ளேயிருந்தும் அதே வாயு வரும். அதுதான் சங்கதி.

இந்தப் பாறைகளை முதலில் ஒழுங்காக அடுக்கடுக்காகப் பிரித்து எழுதியவர் ஹென்றி பிளான்ஃபோர்டு. இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையில் இருந்தபோது இங்கே அலைந்து திரிந்து 1862ல் வெளியிட்டார். 'அரியலூர்' என்ற பெயர் உலகப் புவியியல் நூல்களில் ஏறியது அப்படித்தான். அதே மனிதர் 1875ல் இந்திய வானிலைத் துறை தொடங்கியபோது அதன் முதல் தலைவர் ஆனார். இமயமலைப் பனியின் அளவை வைத்துப் பருவமழையை முன்கூட்டிச் சொல்ல முயன்றவரும் அவரே. நம் கல்லைப் படித்த ஆள் நம் மழையைப் படிக்கப் போனார். பள்ளிக்கூடத்தில் கல் அறிவியல் பாடத்தில், மழை சமூக அறிவியலில், சொல் தமிழில் என்று மூன்று பீரியடாகப் பிரிந்து கிடக்கிறது.

பத்தாம் வகுப்பு அறிவியலில் வெப்பச் சிதைவு என்று ஒரு வினை வருகிறது. கால்சியம் கார்பனேட்டைச் சூடாக்கினால் கால்சியம் ஆக்சைடும் கார்பன் டை ஆக்சைடும் கிடைக்கும். அக்கா மகளுக்கு அது மனப்பாடம், சமன்பாடு எழுதி மேலே முக்கோணக் குறியும் போட்டுக் காட்டினாள். இது எங்கே நடக்கும் என்றேன். "சோதனைக்குழாயில்" என்றாள். ஐந்தாறு கிலோமீட்டருக்கு ஒரு சுரங்கம் இருக்கிற மாவட்டத்தில் இருந்துகொண்டு.

கணக்கு எளிது. நூறு கிலோ தூய கால்சியம் கார்பனேட் முழுதாகச் சிதைந்தால் 56 கிலோ சுட்ட சுண்ணாம்பு, 44 கிலோ கார்பன் டை ஆக்சைடு. சூளையை எரிக்க நிலக்கரிக்குப் பதில் சூரிய சக்தியே பயன்படுத்தினாலும் இந்த 44 குறையாது. அது புகையில்லை, கல்லுக்குள்ளேயே இருப்பது. உலகம் வெளிவிடும் கார்பன் டை ஆக்சைடில் சிமெண்டின் பங்கு ஏறத்தாழ 7லிருந்து 8 சதவீதம். அந்தப் பங்கிலும் பாதிக்கு மேல் எரிபொருளிலிருந்து வருவதில்லை, இந்தக் கல் சிதைவதிலிருந்துதான் வருகிறது. ஆகவே 'தொழிற்சாலைப் புகை' என்ற விடை எங்கள் ஊருக்குப் பாதி தப்பு. புகைபோக்கியில் வடிகட்டி போட்டுக் கரும்புகையை நிறுத்தினாலும் கண்ணுக்குத் தெரியாத அது போய்க்கொண்டேதான் இருக்கும். (கட்டிடம் கட்டிய பிறகு கான்கிரீட் பல வருஷங்களில் கொஞ்சம் திரும்ப வாங்கிக்கொள்ளும். முழுசா இல்லை.)

இதற்குத் தமிழில் சொல் இல்லையா? ஏராளம். வெற்றிலைப் பெட்டியிலேயே இருக்கிறது. கல்லையோ கிளிஞ்சலையோ காளவாயில் சுடுவார்கள். சுட்டது சுட்ட சுண்ணாம்பு. தண்ணீர் ஊற்றி நீற்றினால் நீற்றுச் சுண்ணாம்பு. சுடுதல், நீற்றுதல், பூசுதல், இறுகுதல். மூன்று வேதிவினைகளுக்கும் வினைச்சொல் கொத்தனார் வாயிலேயே இருந்தது. தாளில் இருந்த இருபதும் பெயர்ச்சொற்கள், ஒரு வினைச்சொல்கூட இல்லை. இதைக் கவனித்தபோதுதான் எனக்கு எரிச்சலின் காரணமே புரிந்தது. காலநிலை மாற்றம் என்பது நடக்கிற ஒன்று. யாரோ எதையோ சுடுகிறார்கள், எதுவோ வெளியேறுகிறது, எங்கோ தங்குகிறது, எதையோ தடுக்கிறது. வெறும் பெயர்களின் பட்டியலாகக் கொடுத்தால் யாரும் எதுவும் செய்யாமலே அது நடக்கிற மாதிரி ஆகிவிடுகிறது.

அம்மாவின் டப்பாவிலிருந்து ஒரு விரல் சுண்ணாம்பை எடுத்துத் தண்ணீரில் கரைத்து வைத்தோம். தெளிந்த பிறகு மேல்நீரை மட்டும் கண்ணாடி டம்ளரில் இறுத்து, ஜூஸ் குடிக்கும் குழாயால் ஊதச் சொன்னேன். உறிஞ்சிடாதே, வாய் வெந்துபோகும். ஊதினாள். கொஞ்ச நேரத்தில் தண்ணீர் பால் மாதிரி ஆனது. உன் மூச்சு கல் ஆகிறது பார், சூளையில் நடப்பது இதற்கு நேர் எதிர் என்றேன். புத்தகத்தில் இருக்கும் சோதனைதான், அவளுக்குத் தெரியும். ஆனால் அம்மாயி டப்பாவையும் ரோட்டில் போகும் டிப்பரையும் அவள் அந்தச் சோதனையோடு சேர்த்து நினைத்ததில்லை. ரெண்டு தடவை ஊதிப் பார்த்தாள்.

இதைத் தெரிந்த ஆசிரியர் ஒருவரிடம் போனில் சொன்னேன். "உனக்கு ஒரு பிள்ளை, ஒரு திண்ணை. எனக்கு நாப்பது பிள்ளை, மார்ச்சில் பொதுத்தேர்வு" என்றார். மறுக்க முடியவில்லை. சுற்றுச்சூழலைப் பள்ளிகளில் கட்டாயமாகக் கற்பிக்கணும் என்று 1991ல் எம்.சி. மேத்தா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. கட்டாயம் என்று ஆனதும் அது மதிப்பெண் போடக்கூடிய வடிவத்துக்கு வந்தாக வேண்டும். பொருத்துகவுக்கு மதிப்பெண் போடுவது சுலபம், டம்ளருக்கு எப்படிப் போடுவது? ஆனாலும் இருபது சொல்லுக்குப் பதில் ஐந்து சொல் கேட்கலாமே. அதில் ரெண்டு வினைச்சொல்லாக இருக்கட்டும். ஒரு சொல்லையாவது வீட்டில் பெரியவரிடம் கேட்டு எழுதட்டும். இதற்கு அதிகச் செலவும் இல்லை, தாளும் குறையும்.

எல்லாவற்றையும்விட என்னை உறுத்தியது அந்த முழக்கம். அவள் எழுதி, கலர் பேனாவால் கட்டம் கட்டி வைத்திருந்தாள். தொழிற்சாலைகளை மூடுவோம், பூமியைக் காப்போம். அக்கா வீட்டுக்காரர் சுண்ணாம்புக்கல் டிப்பர் ஓட்டுகிறார். பதினாலு வருஷமாக. அவள் ஃபீஸ், அந்தக் கலர் பேனா எல்லாம் அந்த லோடில் வந்தது. இங்கிருந்து லால்குடி ரோட்டில் மேற்கே போனால் கல்லக்குடி. சிமெண்ட் ஆலையால் வந்த பெயர் வேண்டாம், கல்லக்குடி என்ற பெயரே வேண்டும் என்று 1953ல் தண்டவாளத்தில் படுத்துப் போராடிய இடம். பெயருக்காக அவ்வளவு நடந்தது. ஆனால் ஆலையில் வேலை செய்கிற ஆளுக்குக் காலநிலை மாற்றத்தில் என்ன இடம் என்று சொல்ல ஒரு சொல் இந்தத் தாளில் இல்லை. முழக்கத்தில் ரெண்டு பேர்தான் இருக்கிறார்கள், கெடுப்பவர், காப்பவர். அவள் அப்பா எதில் சேர்த்தி?

மச்சான் அன்றைக்கு ராத்திரி வந்து அந்த நோட்டை எடுத்துப் பார்த்தார். முழக்கத்தைப் படித்தார். ஒன்றும் சொல்லவில்லை. சாப்பிடப் போய்விட்டார். அவளுக்கும் புரிந்துவிட்டது. மறுநாள் அந்தப் பக்கத்தைக் கிழித்துவிட்டு, முழக்கத்துக்குப் பதிலாக ஒரு கணக்கு எழுதினாள். என் அப்பா வண்டியில் 20 டன் கல் ஏற்றினால் அதிலிருந்து 8.8 டன் கார்பன் டை ஆக்சைடு வெளியேறும். கரடியை எடுத்துவிட்டு டிப்பர் படம் வரைந்திருந்தாள், பத்துச் சக்கரமும் எண்ணி. முழக்கம் இல்லை என்று மதிப்பெண் குறையும் என்று எச்சரித்தேன். பரவால்ல மாமா என்றாள்.

ராத்திரி மச்சானிடம் அவளே கொண்டுபோய்க் காட்டினாள். அவர் கண்ணாடி போட்டுக்கொண்டு நிதானமாகப் படித்தார்.

"இருபது இல்ல பாப்பா. பதினெட்டுப் போடு."

அழித்துவிட்டு மறுபடி பெருக்கினாள். 7.92. மிச்சம் பத்துச் சொச்சம்தான் சிமெண்டுக்குப் போகுது என்று விளக்கினாள். அவர் என்னைப் பார்த்தார், கணக்கு சரியா என்கிற மாதிரி. கல் சுத்தமா இருந்தால் சரிதான், கொஞ்சம் முன்னே பின்னே இருக்கும் என்றேன்.

"அப்ப பதினாலு வருஷமா நடைக்கு எட்டு டன் காத்தையாய்யா ஏத்திட்டுப் போயிருக்கேன்?" என்றார்.